வீட்டு மேசையில் உயிர்பெற்ற ஓவியங்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆஸ்கார் விருதளிப்பு விழா நடந்தது. சிறந்த அனிமேஷன் திரைப்படத்திற்கான போட்டியில் பிக்சார், டிரீம்வொர்க்ஸ் போன்ற ஜாம்பவான்களின் படங்கள் இருந்தன. ஆனால் விருதைத் தட்டிச் சென்றது ‘ஃப்ளோ’ என்ற படம். பெருவெள்ளத்தில் சிக்கிக்கொண்ட ஒரு பூனையின் கதை. படம் முழுவதும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இயக்கியவர் லாட்வியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ். 1994இல் பிறந்தவர். அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுதான்.

போட்டியில் இருந்த பிக்சாரின் ‘இன்சைட் அவுட் 2’ படத்திற்கு ஏறக்குறைய 200 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானது. ‘ஃப்ளோ’ படத்திற்கான செலவு சுமார் 3.5 மில்லியன் யூரோ. அதை உருவாக்கிய மென்பொருளின் பெயர் ‘பிளெண்டர்’. அதன் விலை என்ன தெரியுமா? ஒரு காசுகூட இல்லை. இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வரைந்த காட்சிகளை ஒளியும் நிழலும் சேர்த்து இறுதிப் படங்களாக மாற்றும் வேலைக்குப் பெரிய நிறுவனங்கள் கூடம் நிறையக் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும். சில்பலோடிஸ் அந்த வேலையைத் தம் சொந்தக் கணினி ஒன்றிலேயே முடித்தார்.

இது ஒரே இரவில் நடந்த அதிசயம் அன்று. வீட்டில் இருந்தபடியே ஓவியங்களுக்கு உயிர் கொடுக்க ஆசைப்பட்டவர்களின் நூறாண்டு வரலாறு இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நூறாண்டில் கருவியின் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால், விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது.

கையும் காகிதமும்

உயிரோவியத்தின் அடிப்படை மிக எளிது. சிறு சிறு மாற்றங்களுடன் வரைந்த படங்களை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் அவை அசைவதாகக் கண் நம்பிவிடும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரே படத்தை இருமுறை காட்டிச் சிக்கனம் பிடித்தாலும் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒரு நிமிடத்திற்கு 720. பத்து நிமிடப் படத்திற்கு 7,200. எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து இதை வரைவார்கள்?

அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே 1911இல் ‘லிட்டில் நீமோ’ படத்திற்காக ஏறத்தாழ 4,000 ஓவியங்களைத் தம் கையாலேயே வரைந்தார். 1914இல் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒளிபுகும் தாளில் பாத்திரத்தை மட்டும் வரைந்து, மாறாத பின்னணிமேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வேலை பெரிதும் குறைந்தது. ஆனால் அதே முறைதான் உயிரோவியத்தைத் தொழிற்சாலை ஆக்கியது. ஒருவர் வரைய, மற்றொருவர் மை தீட்ட, வேறொருவர் வண்ணம் பூச என்று வேலை பிரிந்தது. 1937இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு. தனியொருவருக்கு அங்கே இடமில்லை.

ஆனாலும் சிலர் விடவில்லை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் என்ற இளம்பெண், கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாவைகள் செய்தார். வங்கி முதலாளி லூயிஸ் ஹாகன் பண உதவி செய்ததோடு, போட்ஸ்டாமில் தம் வீட்டுக் கார் கொட்டகையின் மேல்தளத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார். 1923 முதல் 1926 வரை, கணவரும் ஒருசில நண்பர்களும் துணையிருக்க, அங்கேயே ‘இளவரசர் அகமதுவின் சாகசங்கள்’ உருவானது. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள உயிரோவியப் படங்களில் மிகப் பழையது அதுதான். தோல்பாவைக் கூத்தையோ கிளந்தானின் வாயாங் கூலிட்டையோ பார்த்தவர்களுக்கு அந்த நிழல் உருவங்கள் அந்நியமாகத் தோன்றாது.

பிறகு வீட்டுக் கேமராக்கள் வந்தன. கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் படச்சுருளையும், 1932இல் 8 மில்லிமீட்டர் சுருளையும், 1965இல் ‘சூப்பர் 8’ சுருளையும் விற்பனைக்கு விட்டது. இங்கிலாந்தில் பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்ற இரு பள்ளி நண்பர்கள் சமையலறை மேசையில் படமெடுத்துப் பழகினார்கள். அவர்கள் 1972இல் தொடங்கியதுதான் புகழ்பெற்ற ஆர்ட்மேன் நிறுவனம். பின்னாளில் அங்கே சேர்ந்து ‘வாலஸ் அண்ட் குரோமிட்’ படங்களைத் தந்த நிக் பார்க், தம் தாயாரின் கேமராவில் 13 வயதிலேயே படமெடுக்கத் தொடங்கியவர்.

மலேசியாவின் கதையும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. பிலிம் நெகாரா நிறுவனத்தில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர், சருகுமான் கதையான ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ குறும்படத்தை உருவாக்கினார். 1961இல் தொடங்கிய முயற்சி 1978இல்தான் நிறைவடைந்தது. மக்கள் பார்வைக்கு வந்தது 1983இல். மலேசியாவின் முதல் உயிரோவியப் படம் இதுவே. தொடங்கிய நாளிலிருந்து திரைக்கு வர 22 ஆண்டுகள்!

அந்நாளில் இந்தக் கலைஞர்களை வாட்டியது வரையும் உழைப்பு மட்டுமன்று. செய்தது சரியா தவறா என்பதே உடனே தெரியாது. சுருளைக் கழுவி, திரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு பாத்திரத்தின் கை தவறாக ஆடியது தெரியும். சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. தவறு செய்து கற்றுக்கொள்வது வசதி படைத்தவர்களுக்கே சாத்தியமாக இருந்தது.

மேசைக்கு வந்த கணினி

இந்த நிலையை மாற்றியது கணினி. 1985இல் கொமோடோர் நிறுவனம் ‘அமிகா’ கணினியை வெளியிட்டது. திரை இல்லாமல் அதன் விலை 1,295 அமெரிக்க டாலர். மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் வண்ணமும் அசைவும் காட்டுவதில் அன்றைய மற்ற வீட்டுக் கணினிகளை அது மிஞ்சி நின்றது. அதே ஆண்டு டான் சில்வா எழுதிய ‘டீலக்ஸ் பெயின்ட்’ என்ற ஓவிய மென்பொருளும் வந்தது. 1989இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் உயிரோவிய வசதி சேர்க்கப்பட்டது. வரைந்ததை அந்தக் கணமே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு மறுபடி வரையலாம். சுருளும் இல்லை, கழுவும் செலவும் இல்லை. தவறுக்குக் கட்டணம் இல்லாமல் போனது அப்போதுதான்.

அந்தத் தலைமுறை மென்பொருள் எழுத்தாளர்களில் ஜிம் கென்ட் என்பவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமிகாவுக்கும் அட்டாரி கணினிக்கும் உயிரோவிய மென்பொருள்களை எழுதியவர், 1989இல் சாதாரண ஐபிஎம் வகைக் கணினிகளுக்காக ‘ஆட்டோடெஸ்க் அனிமேட்டர்’ உருவாகக் காரணமானார். அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200 புள்ளி, 256 வண்ணம். இவ்வளவுதான் அதன் திரை. அன்றைய கணினிகளின் நினைவகமோ மிகச் சிறியது. அதற்கு அவர் கையாண்ட வழி சுவையானது. முதல் படத்தை முழுமையாகச் சேமிப்பது. அடுத்தடுத்த படங்களில் முந்தையதிலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் சேமிப்பது. கண் சிமிட்டும் முகம் என்றால் கண் இமையை மட்டும் சேமித்தால் போதுமல்லவா?

அதே ஜிம் கென்ட் பிறகு உயிரியல் படிக்கப் போனார். மனித மரபணு வரைபடத்தைப் பொதுச் சொத்தாக வைத்திருக்க அரசு நிதி பெற்ற அறிவியலாளர்கள் ஒருபக்கம், ‘செலேரா’ என்ற தனியார் நிறுவனம் மறுபக்கம் என்று போட்டி நடந்த நேரம் அது. சிதறிக் கிடந்த துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரலை ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுதி, 2000ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி வேலையை முடித்தார் கென்ட். ஜூலை 7ஆம் தேதி அவருடைய சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. வீட்டுக் கலைஞர்களுக்குக் கருவி செய்து கொடுத்தவரே மனிதகுலத்தின் மரபணு ஏடு ஒருவரின் தனிச்சொத்தாகிவிடாமல் காத்தவர்களில் ஒருவராகவும் ஆனார்.

இணையம் தந்த அரங்கம்

1990களின் நடுவில் படம் செய்யக் கருவி இருந்தது, காட்டுவதற்கு இடமில்லை. அப்போது வந்தது இணையம். ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே வந்த அன்றைய இணையத்தில் ஒரு புகைப்படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அதில் படம் ஓட்டுவது எப்படி?

ஜொனதன் கே என்ற நிரலாளரும் அவருடைய நண்பர்களும் இதற்கு வழி கண்டார்கள். அவர்களுடைய ‘ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்’ 1996இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சூட்டியது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், கோடு எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, என்ன வண்ணம் என்ற கணக்கை மட்டும் சேமிப்பது அதன் முறை. கோப்பு மிகச் சிறியதாக இருந்தது. பந்து இங்கே, பிறகு அங்கே என்று இரண்டு நிலைகளை மட்டும் கலைஞர் வரைந்தால், இடையில் உள்ளவற்றைக் கணினியே நிரப்பிக்கொடுத்தது. பழைய ஸ்டூடியோக்களில் இந்த இடைப்பட்ட ஓவியங்களை வரையவே தனிக் கூட்டம் ஒன்று சம்பளத்திற்கு இருந்தது.

உலகெங்கும் படுக்கையறைகளில் படங்கள் பிறந்தன. சீனாவின் சூ சிச்சியாங் 2000ஆம் ஆண்டு தொடங்கி ‘சியாவ் சியாவ்’ என்ற சண்டைப் படங்களை வெளியிட்டார். குச்சி மனிதர்கள்தாம் பாத்திரங்கள். வட்டத் தலை, கோட்டுக் கை, கோட்டுக் கால். அந்த வேகத்தைப் பார்த்து உலகமே வியந்தது. பிறகு நைக்கி நிறுவனத்தின் விளம்பரத்தில் அதேபோன்ற குச்சி மனிதன் ஓடினான். சூ வழக்குத் தொடுத்தார். 2004இல் பெய்ஜிங் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2006இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. வீட்டில் செய்த படம் உலகைச் சுற்றலாம். ஆனால் அதன்மீது செய்தவருக்கு உள்ள உரிமை எவ்வளவு? முதல்முறையாக இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது.

தனித்து நின்ற இருவர்

ஜப்பானில் மகோத்தோ ஷின்காய் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு ‘தொலைதூர நட்சத்திரத்தின் குரல்கள்’ என்ற 25 நிமிடப் படத்தில் இறங்கினார். கருவி, 400 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட ஒரு பவர் மேக் ஜி4 கணினி. இசையைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் தாமே செய்தார். முதலில் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2002 பிப்ரவரியில் தோக்கியோவின் ஒரு சிறிய திரையரங்கில் படம் வெளியானது. 2016இல் உலகெங்கும் வசூலைக் குவித்த ‘யுவர் நேம்’ படத்தை இயக்கியவர் அதே ஷின்காய்தான்.

அமெரிக்காவின் நீனா பேலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2002இல் அவர் திருவனந்தபுரத்தில் வசித்தபோது இராமாயணத்தைப் படித்தார். அதே ஆண்டு, அவர் வேலையாக நியூயார்க் போயிருந்த நேரத்தில், கணவர் மின்னஞ்சல் வழியே உறவை முறித்துக்கொண்டார். தம் துயரத்தையும் சீதையின் துயரத்தையும் இணைத்து ‘சீதா சிங்ஸ் த புளூஸ்’ என்ற முழுநீளப் படத்தைப் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளிலேயே தனியாளாகச் செய்தார். கதையைப் பேசிச் செல்வது மூன்று நிழற்பாவைகள். 2008இல் பிரான்சின் அன்னெசி விழாவில் முதல் பரிசு பெற்றது. சீதையைக் காட்டிய விதத்தை ஏற்காமல் எதிர்ப்புத் தெரிவித்த இந்து அமைப்புகளும் உண்டு.

படத்தை முடித்த பிறகு வந்தது வேறொரு சோதனை. 1920களில் ஆனெட் ஹான்ஷா பாடிய பாடல்களை அவர் சேர்த்திருந்தார். அவற்றின் உரிமை நிறுவனங்களிடம் இருந்தது. முதலில் சுமார் 220,000 டாலர் வரை ஆகும் என்ற நிலை. பேரம் பேசிக் குறைத்த பிறகும் 50,000 டாலர். கடன் வாங்கிக் கட்டினார். பிறகு 2009இல் தம் படத்தை எவரும் இலவசமாகப் பார்க்கலாம், பகிரலாம் என்று திறந்துவிட்டார். தாம் பட்ட பாடு அடுத்தவர் படக்கூடாது என்பது அவருடைய முடிவு.

மூடிய கடையும் திறந்த கருவியும்

இப்போது பிளெண்டருக்கு வருவோம். நெதர்லாந்தின் டோன் ரோசெண்டால் 1980களின் இறுதியில் அமிகா கணினியில் முப்பரிமாணப் படங்களுக்கான நிரல் எழுதிப் பழகியவர். அவருடைய ஸ்டூடியோவுக்காக 1990களில் உருவானதே பிளெண்டர். அதை விற்பதற்கு 1998இல் ‘நேன்’ என்ற நிறுவனம் தொடங்கினார். வியாபாரம் சரிப்படவில்லை. 2002இல் முதலீட்டாளர்கள் கடையை மூடிவிட்டார்கள். மென்பொருள் முதலீட்டாளர்களிடம் முடங்கியது. அதை நம்பிப் படம் செய்துகொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

ரோசெண்டால் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 100,000 யூரோ கொடுத்தால் மூலநிரலை விடுவிக்கலாம். பயனாளர்களிடம் கையேந்தினார். பெரிய புரவலர் யாரும் வரவில்லை. பொழுதுபோக்காகப் படம் செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். ஏழே வாரங்களில் முழுத் தொகையும் சேர்ந்தது! 2002 அக்டோபர் 13ஆம் தேதி பிளெண்டரின் மூலநிரல் பொது உரிமத்தில் உலகுக்கு வழங்கப்பட்டது. அன்றிலிருந்து அதை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். எந்த நிறுவனமும் அதை மூட முடியாது. 22 ஆண்டுகள் கழித்து ஆஸ்கார் மேடை ஏறிய படம், அந்தச் சின்னச் சின்ன நன்கொடைகளின் விளைச்சல்.

இதற்கு நேர்மாறாக ஃபிளாஷ் என்ன ஆனது? 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2007இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் ஓடவில்லை. 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ், பாதுகாப்புக் குறை, மின்கலம் சீக்கிரம் தீர்வது, அது ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது எனக் காரணங்களை அடுக்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017இல் அடோபி முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயர் படங்களை ஓட்டவே மறுத்தது.

சற்று எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல்லாயிரம் இளைஞர்கள் இரவு கண்விழித்துச் செய்த படங்கள் ஒரே நாளில் இயங்காமல் போயின. கோப்பு இருக்கிறது, திறக்கச் சாவி இல்லை. அதைக் காப்பாற்றவும் பொழுதுபோக்குக்காரர்களே வந்தார்கள். 2018இல் ‘ஃபிளாஷ்பாயிண்ட்’ என்ற சேமிப்பு முயற்சியைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். பழைய கோப்புகளை ஓட்டிக் காட்ட ‘ரஃபிள்’ என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகமும் ஃபிளாஷ் படங்களைச் சேகரித்து ஓட்டத் தொடங்கியது. பல படங்கள் பிழைத்தன. தேடி எடுக்க ஆள் இல்லாதவை போனது போனதுதான்.

நம் பிள்ளைகளின் கையில்

மலேசியாவில் 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கிய பிறகு உயிரோவியம் வேகம் பிடித்தது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று இளைஞர்கள் லெஸ் கோபாக் நிறுவனத்தில் சேர்ந்து உழைத்ததன் பலன்தான் 2007 நோன்பு மாதத்தில் வந்த ‘உப்பின் இப்பின்’. ராஜுவும் அங்கிள் முத்துவும் அதில் நம் வீட்டுக் குரலாகவே ஒலித்தார்கள். 2009இல் வந்த ‘கெங்’ நாட்டின் முதல் முப்பரிமாண உயிரோவியத் திரைப்படம். ஆனந்தம் சேவியரின் சருகுமான் திரைக்கு வந்து 26 ஆண்டுகளில் இந்த வளர்ச்சி.

இன்று இதில் ஆர்வமுள்ள ஒரு மாணவருக்குக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. கையால் வரைந்து பழக ‘பென்சில்2டி’, ‘கிரிட்டா’ இருக்கின்றன. வெட்டுப் பாவைபோல் உறுப்புகளை அசைக்க ‘சின்ஃபிக்’ இருக்கிறது. ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய மென்பொருளே 2016இல் ‘ஓபன்டூன்ஸ்’ என்ற பெயரில் திறந்துவிடப்பட்டது. முப்பரிமாணத்திற்குப் பிளெண்டர். அனைத்தும் இலவசம். அனைத்தின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

எழுத்தில் கேட்டால் படமாகவே தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் 2020களில் வந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓடுபவை. இன்று திறந்திருக்கும் கதவு நாளை கட்டணக் கதவாகலாம், மூடியும் போகலாம். ஃபிளாஷ் கற்றுத் தந்த பாடம் இங்கேயும் பொருந்தும்.

பிள்ளை கணினி முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு குச்சி மனிதனை நடக்க வைக்க முயன்றால், வீண் விளையாட்டு என்று பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு நடைக்குப் பன்னிரண்டு ஓவியம் வரைந்து, பொறுமையாகத் திருத்தும் பிள்ளை கணக்கும் கற்கிறது, கதையும் கற்கிறது. அருகே அமர்ந்து இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இந்த மென்பொருள் நாளை நின்றுபோனால் உன் படத்தைத் திறக்க வேறு வழி இருக்கிறதா? செய்த படத்தைச் சாதாரணக் காணொளியாகவும், தனித்தனி ஓவியங்களாகவும் இன்னொரு இடத்தில் சேமித்து வைத்தாயா?

இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அன்றைக்கே உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.